கண்ணாடியை ஏத்துங்க, ஏசி ஓடுது

அந்த ஜன்னலை மூடாதீங்க தம்பி. தூசி வந்தா வரட்டும், எறங்குனதும் மூஞ்சியைக் கழுவிக்கலாம். எனக்குக் காத்து வந்துட்டே இருக்கோணும். சேலம் வரைக்குங்களா? நானும் அங்கதான். அப்ப நேரம் கெடக்குது.

ஏசி பஸ்ல போகலாமேன்னு கண்டக்டரு கேட்டாருங்க. இந்த வயசுல, இந்த வெய்யில்ல, ஏனுங்கய்யா சிரமம்னாரு. அவருக்கு என்ன தெரியும்? ஏசியால நான் பட்ட பாட்டைச் சொன்னா அவரு டிக்கெட்டுக் கொடுக்கறதை மறந்துட்டு நின்னுருவாரு.

என்ற பேரு சென்னியப்பனுங்க. கோயமுத்தூருல மோட்டாரு பம்பு சாமான் கடை. இப்பத் தம்பி மகன் பாத்துக்கறான். நான் போய் உட்கார்ந்தா யாவாரம் படுத்துக்குதாமா. நாசூக்காத்தான் சொன்னான்.

என்கிட்ட ஒரு கார் இருக்குதுங்க. பேரைச் சொன்னாப் பெருமையடிக்கறேன்னு நெனப்பீங்க, அமெரிக்காக்காரன் செஞ்சதுன்னு வெச்சுக்குங்க. அதுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. ஒரு மில்லுக்காரர் வீட்டுக் கொட்டகையில கோழி அடைஞ்சு கெடந்துச்சு. நான் போய்ப் பாத்தப்ப பின் சீட்டுல ஒரு பொட்டைக்கோழி அடை காத்துட்டு இருந்துச்சுங்க. குஞ்சு பொரிக்கற வரைக்கும் காத்திருந்து எடுத்துட்டு வந்தேன். என்ற சம்சாரம் மரகதம் சொல்லுவா, "அந்தக் கோழிக்குக் காட்டுன பொறுமைய எனக்குக் காட்டியிருந்தா நான் சாமின்னு கும்பிட்டிருப்பேன்"னு. அவ அப்படித்தான், எதாச்சும் சொல்லீட்டே இருப்பா.

அந்த வண்டியில எல்லாமே ஒரிஜினல்ங்க. ஸ்க்ரூ வரைக்கும். கடியாரம் ஓடாது, ஆனா ஒரிஜினல். ரேடியோவுல இரைச்சல்தான் வரும், அந்த இரைச்சலும் ஒரிஜினல். பேட்டரி கூட அந்தக் காலத்து மாடல் கறுப்பு டப்பா, தேடிப் புடிச்சது. சத்து இருக்காது, ஆனா பாக்க லட்சணமா இருக்கும். ஒரே ஒரு சாமான்தான் டூப்ளிகேட்டு. பின்பக்கத்து இடது கதவுக் கண்ணாடி. நான் வாங்கறதுக்கு முந்தியே எவனோ ஒடச்சுட்டு உள்ளூர்க் கண்ணாடி போட்டுட்டான். மத்த மூணுலயும் மூலையில கம்பெனி முத்திரை சின்னதா இருக்கும், இதுல இருக்காது. வண்டியைத் தொடைக்கறப்ப அந்தக் கதவை மட்டும் கண்ணை மூடிட்டுத் தொடைப்பேனுங்க.

ஏசியும் உண்டு. கம்பெனியிலயே வெச்சுக் குடுத்த ஏசி. டேஷ்போர்டுல குரோமியத்துல குமிழு வெச்சு, பாத்தாலே குளுரும். பாத்தாத்தான் குளுரும், ஓடாது. ஓடாத ஏசி இருந்தா மனுசன் என்ன பண்ணோணும்? கண்ணாடியை எறக்கோணும். நான் எறக்க மாட்டேன். ஏசி வண்டியில கண்ணாடியை எறக்கீட்டுப் போனா, ரோட்டுல பாக்கறவன் என்ன நெனப்பான்? ஏசி ஓடலைன்னு நெனச்சுருவான்ல? அதனால சித்திரை வெய்யிலானாலும் நாலு கண்ணாடியையும் ஏத்திவிட்டுட்டுத்தான் போவோம். மரகதம் பனையோலை விசிறி ஒண்ணு கொண்டுட்டு வருவா. விசிறிக்க வேண்டாம்னு நான் சொன்னதே இல்லைங்க. கண்ணாடிக்குக் கீழ, மடியில வெச்சு விசிறிக்கன்னுதான் சொல்லுவேன். வெளிய தெரியக்கூடாதில்ல?

"ஏனுங்க, நாம ஒறம்பரை வீட்டுக்குப் போறமா, இட்லிச் சட்டியில வேகறமா?"ன்னு கேப்பா.

சிரிக்கறீங்க. சிரிங்க. நானே இப்பச் சிரிச்சுக்கறேன்.

உக்கடத்துல நூர்தீன்னு ஒரு ஏசி மெக்கானிக்கு. நல்ல வாய். அவன்கிட்டக் கொண்டு போய் நிறுத்தினேன். மூடியைத் தூக்கிப் பாத்துட்டு, "அண்ணே, இதுக்கு ஊத்தற கேஸை உலகத்துலயே நிறுத்தீட்டாங்க. வானத்துல ஓட்டை உழுகுதுன்னு தடை போட்டாச்சு. புது கேஸுக்கு மாத்தித் தரேன். ஆனா ஹோஸு, ரப்பரு, வாஷரு எல்லாம் மாத்தோணும், பழைய ரப்பர் தாங்காது"ன்னான்.

"மாத்துனா ஒரிஜினல் இல்லையேப்பா."

"அப்ப உள்ளுக்குள்ள புதுசா ஒரு சின்ன ஏசியை மறைச்சு வெச்சர்றேன். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேப்பா."

"சரி, ரேடியேட்டருக்கு முன்னால ஒரு கரெண்டு ஃபேனாச்சும் போட்டுக்குங்க. ஊருக்குள்ள மெதுவாப் போறப்ப ஏசியைப் போட்டீங்கன்னா இன்ஜின் காஞ்சு போயிரும்."

"அந்தக் காலத்துல கரெண்டு ஃபேன் வெச்சா வித்தான்?"

"அந்தக் காலத்துல இவ்வளவு டிராபிக்கும் இல்லீங்கண்ணே"ன்னான். பேசத் தெரிஞ்சவன்கிட்ட வேலையைக் குடுக்கக்கூடாதுங்க தம்பி.

நான் விடுவேனா? பழைய கேஸைத் தேடி அலைஞ்சேன். திருப்பூரு, ஈரோடு, பாலக்காடுன்னு சுத்தி, கடைசியில பொள்ளாச்சியில ஒரு இழுத்து மூடுன ஐஸ்கிரீம் கடையில, கோணிச் சாக்குக்கு அடியில ஒரு சிலிண்டர் கெடச்சுது. பொண்ணைப் பெத்த ஆசுபத்திரியில கூட நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லைங்க. நூர்தீன் தலையில அடிச்சுக்கிட்டே ஊத்துனான். "இது நிக்காதுண்ணே, ரப்பரெல்லாம் செத்துப் போச்சு, கசிஞ்சுட்டேதான் இருக்கும்"னு சொன்னான். சொல்லட்டும். ஆனா ஓடுச்சுங்க! வீட்டுக் கார் ஷெட்டுக்குள்ளயே வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டுட்டு உள்ள உட்கார்ந்து பேப்பர் படிச்சேன். மரகதத்தைக் கூப்பிட்டு, "காப்பி கொண்டா"ன்னேன். வாங்கிக் கையில வெச்சுக்கிட்டே, "பாரு, ஆறிப் போச்சு பாரு"ன்னேன். "நல்லதுங்க"ன்னுட்டு வேற காப்பி போடப் போயிட்டா.

அந்தச் சித்திரையிலதான் பொண்ணுக்குச் சம்பந்தம் கூடி வந்துச்சு. சாருமதின்னு பேரு, ஒரே பொண்ணு, பேங்கு உத்தியோகம். மாப்பிள்ளைப் பையன் திலீபன், சேலம் பக்கத்துல மாட்டு டாக்டரு. பையனோட அப்பா நாச்சிமுத்து, ஹெட்மாஸ்டரா இருந்து ஓய்வானவரு. ரொம்ப மரியாதைக்காரரு. காப்பியில சக்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுக் குடுத்தாலும் "ருசியா இருக்குதுங்க"ம்பாரு. அம்மா வசந்தாமணி. இவிய ரெண்டு பேரும் பொண்ணு பாக்க ரயில்ல வந்து எறங்கறாங்க. பையன் வேலை முடிச்சுட்டு மத்தியானத்துக்கு மேல நேரா வீட்டுக்கு வரேன்னுட்டான்.

"அப்பா, ஒரு டாக்ஸி சொல்லீருங்கப்பா"ன்னா சாரு.

"வீட்டுல இப்படி ஒரு வண்டி நிக்கறப்ப டாக்ஸியா? ஏசி வேற ஓடுது."

"அதான்பா எனக்குப் பயம்"னா.

அவ வண்டியில ஏற மாட்டேன்னுட்டா. ஸ்கூட்டர்லயே ஸ்டேஷனுக்கு வந்தா. நாச்சிமுத்து பட்டன் பூராப் போட்ட வெள்ளைச் சட்டையில, கனத்த ஒடம்பை மெல்ல எறக்கீட்டு வந்தாரு. கும்பிட்டு, பின் சீட்டுல வலது பக்கம் அவரை உட்கார வெச்சேன். ஒரிஜினல் கண்ணாடிப் பக்கம், மரியாதைக்கு. அந்தம்மா இடது பக்கம். மரகதம் முன்னாடி என்கூட. சாரு ஸ்கூட்டரை எங்க பக்கத்துல கொண்டாந்து, "அப்பா, கண்ணாடியைக் கொஞ்சம் எறக்கியே வெச்சுக்குங்கப்பா"ன்னா.

"ஏசி ஓடுது கண்ணு"ன்னு சொல்லி, பொத்தானை அமுக்கி நாலு கண்ணாடியையும் ஏத்தினேன். கரெண்டுல ஏறி எறங்கற கண்ணாடிங்க. அந்தக் காலத்துலயே!

கிளம்புனதும் கேட்டேன், "ஏசி எப்படிங்க சம்பந்தி?"

"ஜில்லுனு இருக்குதுங்க"ன்னாரு.

ஒரு நாலு தெரு அப்படித்தான் இருந்துச்சு. பொறவு மேம்பால வேலை நடக்கற எடத்துல மாட்டிக்கிட்டோம். முன்னால பஸ்ஸு, பின்னால கணக்கில்லாத வண்டி. இடது பக்கம் ஒரு சிமெண்டு லாரி உரசற மாதிரி நிக்குது. வலது பக்கம் பாலத்துக்காரங்க நட்டு வெச்ச இடுப்பளவு தகரத் தடுப்பு. என்ற வண்டி அகலமான வண்டிங்க, கதவு நீளம். கையகலம் கூடத் தொறக்க வழியில்லை. சூடு காட்டற முள்ளு மேல ஏறுது. ஏசி வாயிலிருந்து மொதல்ல சாதாரணக் காத்து வந்துச்சு, பொறவு வெதுவெதுன்னு வந்துச்சு, பொறவு எதோ ரப்பர் வேகற வாசம். ஏசியை நிறுத்தீட்டுக் கண்ணாடியை எறக்கியிருக்கலாம். எப்படிங்க எறக்கறது? இப்பத்தானே ஜில்லுனு இருக்குதுன்னாரு?

"இப்ப எப்படிங்க?"ன்னேன்.

"பரவால்லீங்க, நல்லா இருக்குதுங்க"ன்னாரு.

கண்ணாடியில பின்னாடி பாத்தேன். நல்லாச் செவந்து போய் உட்கார்ந்திருந்தாரு. சம்பந்தி நல்ல நெறம்னு நெனச்சேன். சத்தியமாங்க, அப்படித்தான் நெனச்சேன். மரகதம் விசிறியை எடுத்துப் பின்னால நீட்டினா. நான் முழங்கையால தட்டிவிட்டேன். மூணாந்தடவையும் கேட்டேன்.

"சுகமா இருக்குதுங்க." அதுதான் அவரு கடைசியாச் சொன்னது. தலை அப்படியே அந்தம்மா தோள்ல சாஞ்சுருச்சு.

அதே நேரத்துல மூடிக்குள்ள இருந்து குபுகுபுன்னு ஆவி. இன்ஜின் நின்னு போச்சு. பொத்தானை அமுக்கறேன், கண்ணாடி எறங்கலை. அந்தச் சத்தில்லாத பேட்டரிதான். ஏசி எல்லாத்தையும் உறிஞ்சீருச்சு. ஹாரன் கூட அடிக்கலை. அந்தம்மா, "ஏனுங்க, ஏனுங்க, கண்ணைத் தொறங்க"ன்னு கத்தறாங்க. மரகதம் சேலையை இடுப்புல சொருகீட்டு முன் சீட்டைத் தாண்டிப் பின்னாடி குதிச்சுட்டா. அவளுக்கு முட்டி வலின்னு நான் அது வரைக்கும் நம்பிட்டு இருந்தேனுங்க. அவரு சட்டைப் பட்டனை எல்லாம் பிய்ச்சு எறிஞ்சுட்டு, விசிறியால அடிக்கற மாதிரி விசிறறா.

சாரு ஸ்கூட்டரைப் போட்டுட்டு, தகரத்துக்கு அந்தப் பக்கமா ஓடி வந்தா. "அப்பா, கண்ணாடியை எறக்குங்க!"

"எறங்கலை கண்ணு!"

லாரி டிரைவர் மேல இருந்து பாத்துட்டு, ஜாக்கி ராடை எடுத்து என்ற வண்டிக் கூரை மேல வெச்சு அந்தப் பக்கமா உருட்டி விட்டாரு. கீச்சுன்னு ஒரு சத்தம். அந்தக் கோடு இன்னும் இருக்குதுங்க. சாரு ராடைக் கையில எடுத்து, வலது கண்ணாடிக்கு நேரா ஓங்கறா.

நான் என்ன சொன்னேன்னு இன்னைக்கும் வீட்டுல பேசிக்கறாங்க. ஆளாளுக்கு ஒண்ணு சேத்துச் சொல்றாங்க. நான் சொன்னது இவ்வளவுதான். "இடது பக்கம் கண்ணு! இடது பக்கம்! அது டூப்ளிகேட்டு!"

அவளுக்குக் கேக்கலை. "என்னப்பா?"

"முத்திரை! மூலையில முத்திரையைப் பாரு!"

ஓங்குன கையோட என்னைப் பாத்தாங்க தம்பி. வெய்யில் கண்ணுல அடிச்சதால சரியாத் தெரிஞ்சிருக்காது போல, ரொம்ப நேரம் பாத்த மாதிரி இருந்துச்சு. பொறவு, "அம்மா, அவரு மூஞ்சியை மூடுங்க"ன்னா. மரகதம் முந்தானையைப் போட்டு மூடினா. ஒரே போடு. கல்கண்டு கொட்டுன மாதிரி கொட்டிருச்சு.

காத்து உள்ள வந்துச்சு. லாரி டிரைவர் தண்ணிக் கேனை நீட்டினாரு. பாலத்து வேலையாளுங்க ஓடி வந்து தகரத்தைப் புடுங்கி நகத்தினாங்க. கதவைத் தொறந்து தூக்கீட்டுப் போய், அந்தப் பக்கத்துல கெடச்ச ஆட்டோவுல எல்லாரும் ஆசுபத்திரிக்குப் போயிட்டாங்க. நான் போகலை. வண்டி நடு ரோட்டுல நிக்குதுங்களே, எப்படி உட்டுட்டுப் போறது? நூர்தீனுக்குப் போன் போட்டேன். அவன் வர்ற வரைக்கும் சும்மா நிக்க முடியாம, கீழ உட்கார்ந்து கண்ணாடித் தூளுக்குள்ள தேடினேன். முத்திரை இருந்த துண்டு முழுசாக் கெடச்சுதுங்க! சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

ஆசுபத்திரிக்குப் போனா, அவருக்கு டிரிப்பு ஏறுது. ஒடம்புல தண்ணி வத்திச் சூடு தலைக்கேறீருச்சு, இன்னும் கொஞ்சம் தாமசமாயிருந்தா சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களாமா. கட்டிலுகிட்டப் போய், "ஏனுங்க சம்பந்தி, வேர்க்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"ன்னேன்.

அந்த நெலமையிலயும் கும்பிட்டாரு. "நீங்க மூணு தடவை ஆசையாக் கேட்டீங்க. அதுக்கு மேல எப்படிங்க சொல்றது?"ன்னாரு.

பாத்தீங்களா? தப்பு யாரு மேலன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. அந்தம்மா மூலையில உட்கார்ந்திருந்தாங்க. ஆறுதலா இருக்கட்டும்னு பையில இருந்த துண்டை எடுத்துக் காட்டி, "முத்திரைக்குச் சேதமில்லீங்க"ன்னேன். அவங்க அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டாங்க.

திலீபன் அடிச்சுப் புடிச்சு வந்தான். அப்பாவைப் பாத்துட்டு, சாருவோட கேண்டீனுக்குப் போனான். நான் ஒளிஞ்சு கேக்கலைங்க. நானும் அங்கதான் தூணுக்குப் பின்னால உட்கார்ந்திருந்தேன். நான் நெனச்சேன், கல்யாணம் போச்சு. மாப்பிள்ளையோட அப்பனை வேக வெச்சவன் வீட்டுல எவன் பொண்ணெடுப்பான்? வேண்டாம்னு சொல்லத்தான் தனியாக் கூப்பிட்டிருக்கான்னு காதைக் குடுத்தேன். பேசுனது சாருதான்.

"உங்க அப்பா மயக்கம் போட்டு உழுகற வரைக்கும் நல்லா இருக்குதுன்னு சொல்லீட்டு வந்திருக்காரு. எங்கம்மா வாழ்க்கை பூரா அதைத்தான் சொல்லீட்டு இருக்காங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியோணும். உங்களுக்கு வேர்த்தா வேர்க்குதுன்னு சொல்லுவீங்களா?"

அவன் காப்பி டம்ளரைக் கீழ வெச்சான். "சொல்லுவேங்க. இப்பவே வேர்க்குது. இந்தக் காப்பி கேவலமா இருக்குது. உங்க அப்பாவைப் பாத்தாக் கோவம் கோவமா வருது. ஆனா தூணுக்குப் பின்னால உட்கார்ந்திருக்காரு, அதான் மெதுவாச் சொல்றேன்"னான்.

அவ சிரிச்சா. அன்னைக்கு அவ சிரிச்சது அது ஒண்ணுதான். எனக்கும் நிம்மதியாப் போச்சு. பையன் வெளிப்படையானவன்.

ஆவணியில கல்யாணம். நல்லா நடந்துச்சு. மண்டபத்துக்கு வண்டியைக் கொண்டு வரக்கூடாதுன்னு நாச்சிமுத்துவைத் தவிர எல்லாரும் சொல்லீட்டாங்க. அவரு மட்டும், "கொண்டு வாங்களேன், பாக்க அழகா இருக்கும்"னாரு. பாவம், அவரு மாறவே இல்லைங்க. சாருதான் கொஞ்ச நாளா என்கிட்டச் சரியாப் பேசறதில்லை. ஒரிஜினல் கண்ணாடியை ஒடச்சுட்டமேன்னு மனசு உறுத்துது போல. நானும் பெருந்தன்மையா, "பரவால்ல கண்ணு, கண்ணாடி போனாப் போகட்டும், நான் மனசுல வெச்சுக்கலை"ன்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் மொறைச்சா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு மன்னிச்சாலும் கோவம்.

மரகதம் அன்னைக்கிருந்து அந்த வண்டியில ஏறலைங்க. சண்டை கிண்டை ஒண்ணுமில்லை. நான் கதவைத் தொறந்து புடிச்சா, "நீங்க போங்க, நான் வந்தர்றேன்"னுட்டுப் பஸ் ஏறிப் போயிருவா. தை மாசம் பாத்தா, காத்தால சுடிதார் போட்டுட்டுக் கெளம்பறா. எங்கன்னு கேட்டா, டிரைவிங் கத்துக்கறாளாமா! இந்த வயசுல! நான் சிரிச்ச சிரிப்புல எனக்குப் பொரையேறிப் போச்சு. அவ பொறந்த வீட்டுத் தென்னந்தோப்புல அவ பங்கு வந்துச்சு. அதுல ஒரு புது வண்டி வாங்கீட்டா. வெள்ளை வண்டி, சின்னது, சோப்புப் பொட்டி மாதிரி. அதுல எதுவுமே பாக்கறதுக்கு இல்லைங்க. பிளாஸ்டிக்கு. ஆனா ஏசி மட்டும், என்ன சொல்றது, ஒரே நிமிசத்துல மண்டை வலிக்குது.

மொத நாளு என்னை உட்கார வெச்சு ஓட்டினா. கியர் மாத்தறப்ப நான் சொன்னேன், இப்படியில்ல அப்படின்னு. திரும்பறப்பச் சொன்னேன். பிரேக்கு போடறப்பச் சொன்னேன். நல்லதுக்குத்தானே சொல்றேன்? அவ ஓரமா நிறுத்தி, "எறங்குங்க"ன்னா. வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சுச் சிரிச்சுக்கிட்டே எறங்கினேன். போயிட்டாங்க தம்பி. காந்திபுரத்துல இருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். வந்து பாத்தா, அவ குளிச்சு முடிச்சுட்டு, ஈரத்தலையோட உட்கார்ந்து தேங்காப் பன்னு தின்னுட்டு இருக்கா. என்னைப் பாத்ததும், "ரொம்ப வேர்த்திருக்குதே"ன்னா.

"இல்ல, பரவால்ல"ன்னேன்.

"அப்படிங்களா, சரிங்க"ன்னுட்டு இன்னொரு பன்னை எடுத்துக்கிட்டா.

இன்னைக்குச் சாருவுக்குப் பொறந்தநாளு, அதான் சேலம் போறேன். என்ற வண்டி அவ்வளவு தூரம் தாங்காது. சம்பந்தியம்மா வசந்தாமணி ரெண்டு நாளா எங்க வீட்டுலதான் இருந்தாங்க, கண்ணு ஆசுபத்திரியில காட்ட வந்தவங்க. காத்தால நான் எந்திரிச்சுக் காப்பிக்கு உட்கார்றேன், வாசல்ல வெள்ளை வண்டி சேலத்துக்குக் கெளம்பற சத்தம். எட்டிப் பாத்தா மரகதம் ஓட்டறா, பக்கத்துல அந்தம்மா. ரெண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரிச்சுக்கறாங்க. நாலு கண்ணாடியும் ஏத்தியிருக்குது. நான் வாசலுக்கு வர்றதுக்குள்ள தெருமுனை திரும்பீட்டாங்க.

பின் சீட்டு முழுசாக் காலிதாங்க. அவசரத்துல கூப்பிட மறந்திருப்பா.